ஐந்தாவது பெயர்

திருநெல்வேலிப் பக்கம் சீசன் என்றால் குற்றாலம்தான். சாரல் விழுந்தால் சீசன் வந்துவிட்டது, அருவி மெலிந்தால் போய்விட்டது. 22 வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் எனக்கு அதே சாரல் காற்றோடு இன்னொரு சீசனும் தொடங்கும். பள்ளிக் கபடி. முதலில் குறுவட்டம், ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம். குறுவட்டத்தில் ஆடிக் காற்று கோட்டுச் சுண்ணாம்பை வாரிக்கொண்டு போகும். மாவட்டப் போட்டி முடிவதற்குள் ஐப்பசி மழை வந்து கோர்ட்டைச் சேறாக்கிவிடும்.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில், கடைசிச் சுற்று என்றால் முதல் சுற்றையே இன்னும் கொஞ்சம் வேகமாக ஆடுவது என்று நினைத்திருந்தேன். அது வேறு வேலை என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. 2018-இல் நடந்த ஒரு அரையிறுதிக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

அப்போது களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். சுற்றிலும் வாழை. பையன்களின் அப்பாக்கள் பலர் தார் வெட்டவும் லோடு ஏற்றவும் போகிறவர்கள். ஜூனில் கபடிக்குப் பெயர் கொடு என்றால் முப்பது பேர் வந்து நிற்பார்கள். ஆகஸ்டில் இருபது. மாவட்டப் போட்டிக்குப் போகிறபோது சரியாகப் பன்னிரண்டு பேரைத் தேற்றுவதே பாடாகிவிடும். ஒருவனுக்கு முழங்கால் வீங்கியிருக்கும். ஒருவனை "பிளஸ் டூ பையனுக்கு விளையாட்டு எதுக்கு" என்று வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். ஒருவன் தார் வெட்டு நாளில் அப்பாவோடு போயாக வேண்டும், அன்றைய கூலி அந்த வீட்டுக்குத் தேவை. காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பி.இ.டி. பீரியடைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கேட்பார்கள். கேட்கிற ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் தேர்ச்சி விகிதம் என்று ஒரு கழுத்துப்பிடி இருக்கிறது. ஆனாலும் கடைசிச் சுற்றுக்குப் போகிற அணிக்குப் பயிற்சி நேரம் குறைவதும் எதிரணி பலமாவதும் ஒரே மாதத்தில்தான் நடக்கிறது.

அப்புறம் மேட், களத்தில் விரிக்கிற மெத்தை விரிப்பு. எங்கள் கோர்ட் செம்மண்ணோடு மரத்தூளும் மக்கின சாணமும் கலந்து, தண்ணீர் தெளித்து, பையன்களே மிதித்துப் போட்டது. விழுந்தால் உடம்பு வலிக்காது. வெறுங்காலில் ஆடியே வளர்ந்தவர்கள். மாவட்டத்தில் திடீரென்று மேட் மேல் நிற்கச் சொன்னால், ஷூ இல்லாமல் முடியாது. மண்ணில் வழுக்கிக்கொண்டே திரும்பிப் பழகிய கால் மேட் மேல் பிடித்துக்கொள்ளும். கால் நிற்கும், உடம்பு திரும்பிவிடும். கணுக்கால் போவது அப்படித்தான். அந்த வருடம் பன்னிரண்டு பேருக்கு ஒன்பது ஜோடி ஷூதான் தேறியது. ஒரே அளவுக் காலுள்ள இரண்டு பேரைச் சேர்த்து, ஒருவன் வெளியே வந்தால் கழற்றி மற்றவனுக்குக் கொடுக்கிற ஏற்பாடு. மாற்று ஆட்டக்காரனை இறக்கும்போது ஆட்டத் திறமையைப் பார்ப்பதா, கால் அளவைப் பார்ப்பதா என்று நான் யோசித்த தருணங்கள் உண்டு. சீசன் முழுக்கப் பையன்கள் காட்டிய உழைப்புக்கு அது நியாயமே இல்லை.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன்பு வருவாய் மாவட்டப் போட்டி என்றால் சங்கரன்கோவிலிலிருந்து ராதாபுரம் வரைக்கும் ஒரே மாவட்டம். ஆலங்குளம், சுரண்டை, கடையநல்லூர் என்று எல்லாப் பக்கத்து அணிகளும் பாளையங்கோட்டைக்கு வரும். நாங்கள் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி நாங்குநேரியில் மாறி வருவோம். முந்தின நாள் பரோட்டா சாப்பிடக் கூடாது என்று ஒவ்வொருவனிடமும் சத்தியம் வாங்கியிருப்பேன். பையில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் இருக்கும்.

பஸ்ஸில் பையன்கள் பேசிக்கொள்வது புரோ கபடியைப் பற்றி. 2014-இல் அது தொடங்கி, 2017-இல் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் வந்தபிறகு அவர்களுக்கு அதுதான் உலகம். நான் மணத்தி கணேசனைச் சொல்வேன். தாமிரபரணி நாட்டில் ஒரு சின்ன ஊரிலிருந்து போய், 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றவர். டிவியில் தெரிகிற மேட்டுக்கும் நம் செம்மண்ணுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது, அதில் ஏற்கனவே ஒருவர் நடந்து போயிருக்கிறார் என்று பையன்களுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

சரி, அந்த அரையிறுதிக்கு வருகிறேன்.

எங்கள் அணியின் பலம் பிடிதான், உள்ளே வருகிற எதிராளியை மடக்குவது. ஓரத்தில் ஆடுகிற இரண்டு கார்னரும் கல் மாதிரி நிற்பார்கள். அதிலும் லெஃப்ட் கார்னர் பையன், பிளஸ் டூ, பேச்சே கிடையாது. எதிர் அணியிலிருந்து வரும் ரைடர் போனஸ் புள்ளிக்குக் காலை நீட்டும்போது அவன் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். பாடிப் போவதற்கு, அதாவது எதிர்க்களத்துக்குள் ரைடு போவதற்கு, இரண்டு பேர். பாதி ஆட்டம் அவர்கள் தோளில்தான் ஓடும். அவர்கள் அவுட்டானால் இன்னொருவன் போய்ச் சும்மா நேரம் கடத்திவிட்டு வருவான். கார்னர் பையன்களைப் பாட அனுப்பவே மாட்டேன். கார்னர் அவுட்டானால் பிடி தளர்ந்துவிடும் என்பது என் கணக்கு. ஜூலையிலிருந்து அந்தக் கணக்கு தப்பவில்லை. பத்து ஆட்டம் ஜெயித்திருந்தோம்.

அரையிறுதியில் 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம் முடிந்து விசில் ஊதியபோது 28-28. அணிக்கு ஐந்து ரைடு என்று நடுவர் சொன்னார்.

கபடி பார்க்கிற பலருக்கு இது தெரியாது. டை-பிரேக்கில் ஐந்து ரைடும் ஐந்து வெவ்வேறு பேர் போக வேண்டும். நல்ல ரைடரையே திரும்பத் திரும்ப அனுப்ப முடியாது. ஐந்து பெயரையும் செஸ்ட் நம்பரையும் வரிசையாக எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஏழு பேரும் நிற்பார்கள், அவுட்டானவன் வெளியே போவதில்லை, புள்ளி மட்டும்தான் கணக்கு. வழக்கமான ஆட்டத்தில் ஒரு அணி தன் பலவீனத்தை நாற்பது நிமிடம் மறைத்துக்கொள்ளலாம். இந்த ஐந்து ரைடில் ஒன்றையும் மறைக்க முடியாது.

கேப்டனும் நானும் குனிந்து தாளைப் பார்த்தோம். முதல் பெயரும் இரண்டாவது பெயரும் பேனா தானாக எழுதியது. மூன்றாவது, நேரம் கடத்துகிறவன். நான்காவதாகக் கார்னருக்கு உள்ளே தள்ளி, கவரில் நிற்கிற ஒரு பையன், ஊர்த் திருவிழா ஆட்டத்தில் பாடியிருக்கிறான் என்று கேப்டன் சொன்னான். ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது. மேஜையிலிருந்து சீட்டைக் கேட்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தேன். லெஃப்ட் கார்னர் பையன் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் அணியிலேயே பயமில்லாதவன் அவன்தான். அவன் பெயரை எழுதினேன்.

சொன்னதும் அவன் முகம் மாறியது. "சார், நான் பாடப் போனதே இல்லைல்லா."

"சும்மா போயிட்டு வா மக்கா. பாக் லைனைத் தாண்டினா ஒரு பாயிண்டு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று நான் சொன்னது என் வாழ்க்கையில் நான் சொன்ன பொறுப்பில்லாத வார்த்தைகளில் ஒன்று.

அவர்களுடைய ஐந்து ரைடும் முடிந்திருந்தன. டை-பிரேக் கணக்கில் அவர்கள் 5, நாங்கள் 4. எங்கள் கடைசி ரைடு. ஒரு புள்ளி எடுத்தால் சமன். இரண்டு எடுத்தால் நாங்கள் இறுதிப் போட்டியில். அவன் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனான். நன்றாகத்தான் போனான். எதிர் அணியின் கார்னர் எங்கே காலைப் பார்ப்பான் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? ஒரு தடவை உடம்பைக் காட்டி ஏமாற்றி, பாக் லைனுக்கு, எதிர்க்களத்தில் தாண்ட வேண்டிய அந்தக் கோட்டுக்கு, ஒரு சாண் வரைக்கும் போய்விட்டான். நான் எழுந்துவிட்டேன். அந்த இடத்தில் அவன் பாட்டு விட்டுவிட்டது.

எங்கள் பக்கம் ரைடு போவதைப் பாடிப் போவது என்றுதான் சொல்வோம். சடுகுடு ஆடிய தாத்தாக்கள் நிஜமாகவே பாட்டுப் பாடிக்கொண்டு போனவர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாட்டு, ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் அதில் சொந்தமாக ஒரு வரி. இப்போது "கபடி கபடி" என்ற ஒரே சொல், 30 விநாடி. சொல் மாறிவிட்டது, விதி மாறவில்லை. எதிராளியின் களத்துக்குள் பாட்டு நின்றால் அவுட். நடுவர் கை தூக்கினார். அவர்களுக்கு ஒரு புள்ளி. மொத்தம் 34-32. எதிர்ப்பக்கம் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள். அவர்கள் நல்ல அணி. ஜெயிக்க வேண்டியவர்கள்தான்.

அவன் குழாயடியில் போய் உட்கார்ந்துவிட்டான். நான் பக்கத்தில் போய் நின்றேன், எதுவும் சொல்லத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்து அவனே சொன்னான். "மூச்சு இருந்துச்சு சார். சத்தந்தான் வரல."

திரும்பி வரும் பஸ்ஸில் மழை. ஷட்டரை இறக்கிவிட்டுப் பையன்கள் தூங்கிவிட்டார்கள். எனக்கு அந்த ஒரு வரி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பயிற்சியில் அவனுக்கு நான் ஆயிரம் தடவை கணுக்கால் பிடி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தொடைப் பிடி, கை கோத்துச் செயின் போடுவது, ரைடரைக் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குத் தள்ளுவது, எல்லாம். ஒரு நாள்கூடப் பாடச் சொன்னதில்லை. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அவன் குரலை நான் கேட்டதே இல்லை. ஆட்டம் அவனிடம் கடைசியில் கேட்டது அந்த ஒன்றைத்தான். தோற்றது அவன் அல்ல. அந்தத் தாளில் ஐந்தாவது பெயரை ஜூலையிலேயே எழுதிவைக்காதவன் நான். மறுநாள் அசெம்பிளி முடிந்து இதை அவனிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிளஸ் டூ பையனுக்கு அதுதான் பள்ளிக்கூடத்துக் கடைசி ஆட்டம். இதை அவனுக்கு யாரும் திருப்பித் தர முடியாது, நானும்.

அடுத்த வருடத்திலிருந்து பயிற்சி முறையை மாற்றினேன். ஜூனில் முதல் இரண்டு வாரம் யாருக்கும் இடம் கிடையாது. கார்னர், கவர், ரைடர் என்ற பேச்சே இல்லை. எல்லாரும் பாடிப் போக வேண்டும். கனமான பையன், கூச்சப்படுகிற பையன், திக்குகிற பையன் ஒருவன் இருந்தான், அவனும். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூச்சு வேறு, பாட்டு வேறு. ஓடிக்கொண்டே பாடும்போது ஐந்தாறு விநாடியில் தொண்டை காயும், எதிரே ஏழு பேர் கை கோத்து வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தினமும் பழகினவனுக்கு மட்டும் வாய் தானாக ஓடும். மழை வந்து கோர்ட் சேறான நாளில் பயிற்சியை ரத்து செய்வதில்லை. வராந்தாவில் வரிசையாக உட்காரவைத்துப் பாட்டு. பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும், வாங்கிக்கொள்வேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முடிந்து ஒரு டை-பிரேக். ஐந்து பெயரை எழுதி என்னிடம் கொடுப்பது கேப்டன் பொறுப்பு. ஒரு வாரம் எழுதின ஐந்தாவது பெயர் அடுத்த வாரம் வரக் கூடாது. இதனால் பிடி கொஞ்சம் குறைந்தது உண்மை. குறுவட்டத்திலேயே ஒரு வருடம் வெளியே போனோம். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். அப்போதும் இதை விடவில்லை. அந்த இடத்தில் இன்னொரு பையனை அப்படி நிற்கவைக்க என்னால் முடியாது.

ஷூ விஷயத்துக்கும் வழி பிறந்தது. பழைய மாணவர்கள் சேர்ந்து பன்னிரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தார்கள். பணம் திரட்டியது அந்த லெஃப்ட் கார்னர் பையன்தான் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அவன் வள்ளியூரில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்க்கிறான். குறுவட்டப் போட்டி நாளில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவான். பையன்களுக்கு யோசனை சொல்ல மாட்டான், கயிற்றுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தனியாக நிற்பான். நம் பக்கத்து ரைடர் உள்ளே போகும்போதெல்லாம் அவன் உதடும் அசையும்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் மட்டும் என்னிடம் வந்து ஒன்று கேட்பான். வருடா வருடம் அதே கேள்வி.

"சார், அஞ்சாவது யாரு?"

நான் கையைக் காட்டுவேன். அவன் அந்தப் பையனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மரத்தடிக்குத் திரும்பிப் போவான்.