சனிக்கிழமைக்கு முன்னும் பின்னும்

ஜூன் 6, சனி

பிள்ளைகளால் தவிக்கும் குடும்பங்களுக்கான கூட்டத்துக்குப் போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வாசலை ஒட்டியிருந்ததில் உட்கார்ந்தேன், எழுந்து ஓட வசதியாக. விதிகளை முதலிலேயே படித்துவிடுகிறார்கள். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அது செல்லாது. கேட்காமல் யாருக்கும் யாரும் புத்தி சொல்லக் கூடாது. பேச மனமில்லையென்றால் ‘அடுத்தவர்’ என்றால் போதும். நான் ‘அடுத்தவர்’ என்றேன்.

ஒரு அம்மா, மகள் பள்ளிக்கூடம் போவதில்லை, பகலெல்லாம் படுக்கை என்று அழுதார். இதற்குப் போயா என்று தோன்றியது. அப்புறம் ஒரு பெரியவர் பேரனைப் பற்றிச் சொன்னார். நம் வீடு பரவாயில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எல்லாருடைய துக்கத்தையும் எடை போட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த நிம்மதியும் படியிறங்கி வருவதற்குள் போய்விட்டது.

ஜூன் 8

கதவுக்குத் தச்சரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், எப்படி உடைந்தது என்பார்.

ஜூன் 9

இரவு மூன்று மணிக்கும் மகன் அறையில் வெளிச்சம். பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதே தள்ளிப்போகிறதாம், அதனால் பத்து மணிக்குத் தூக்கம் வராதது திமிர் இல்லையாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். மூன்று மணிக்கு எந்த ஹார்மோன்?

ஜூன் 11

இன்று நன்றாக இருந்தான். ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

ஜூன் 13, சனி

ஒரு அம்மா முன்பு அல்-அனான் கூட்டங்களுக்குப் போனவர். குடிப்பவர்களின் குடும்பத்துக்காக 1951இல் தொடங்கியது அது, தொடங்கியவர்களில் ஒருவர் குடியிலிருந்து மீண்ட ஒருவரின் மனைவி. அங்கே சொல்வார்களாம்: இதை நீ உண்டாக்கவில்லை, உன்னால் அடக்க முடியாது, உன்னால் குணமாக்கவும் முடியாது. முதல் வரியைக் கேட்டதும் பலர் தலையாட்டினார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் உண்டாக்கவில்லையென்றால் வேறு யார்? அவனோடு இருந்தவள் நான்தானே.

நடத்துபவர் ஒரு முறையைப் பற்றிப் பேசினார். ஹைம் ஓமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் உண்டாக்கியது. கை நீட்டும் பிள்ளைகளிடம் பெற்றோர் அடிபணியவும் கூடாது, திருப்பி அடிக்கவும் கூடாது. சண்டை நடக்கும்போது எதையும் தீர்க்காதே, சூடு ஆறட்டும், அப்புறம் பேசு. காந்தியின் அறப்போராட்டத்திலிருந்து எடுத்த யோசனையாம். இவ்வளவும் சரி. இன்னொன்று சொன்னார், வீட்டில் நடப்பதை நெருங்கிய சிலருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஜூன் 14

இவன் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “காந்திக்கே அவர் மூத்த பிள்ளை அடங்கலையே” என்றார். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பதிலும் இல்லை.

ஜூன் 15

தேடிப் படித்தேன். ஹரிலால். அப்பா சுடப்பட்ட அதே 1948இல், சில மாதங்களிலேயே இவரும் போய்விட்டார். எனக்கு அந்த இரண்டு ஆண்களும் முக்கியமாகப் படவில்லை. 1936இல் கஸ்தூர்பா பெயரில் மகனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வந்திருக்கிறது. குடித்துவிட்டு நடுத்தெருவில் போலீசிடம் பிடிபட்டாயாமே என்று, ஊர் உலகமெல்லாம் படிக்கும்படி. அதற்கு முந்தின இரவு அவர் தூங்கியிருப்பாரா? அதனால் மகன் திருந்தியதாகவும் தெரியவில்லை. பிறகு எதற்கு? எனக்கு அக்காவிடம் சொல்லவே வாய் வரவில்லை.

ஜூன் 17

மறுபடியும். இந்த முறை கதவு இல்லை.

ஜூன் 18

வழுக்கி விழுந்தேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். பார்த்துப் போகக் கூடாதா என்றார்கள்.

ஜூன் 20, சனி

சொல்லிவிட்டேன். “என் மகன் என்னை அடிக்கிறான்.” சின்ன வாக்கியம்தான், அதற்கே மூச்சு வாங்கியது. யாரும் ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. மகள் தூங்குகிறாள் என்று அழுதாரே, அந்த அம்மா, “என்னையும்” என்றார். முதல் நாள் அவர் சொன்னது பாதிதான் போலிருக்கிறது.

கையை அவர்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். அடுத்த முறை நடந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த அறைக்குப் போவது, எப்போது வீட்டைவிட்டே வெளியேறுவது என்று நடத்துபவர் தனியாக உட்காரவைத்து எழுதவைத்தார். என் சொந்த வீட்டுக்கு வழி எழுதுகிறேன்.

ஜூன் 21

யாரிடம் சொல்வது என்று பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

அக்காவிடம் சொன்னால் அத்தானுக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரிந்தால் அவர் வீட்டுக்கெல்லாம் தெரியும். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் எல்லார் கண்ணும் அவன் மேல் இருக்கும். பத்து வருஷம் கழித்து அவன் திருந்தி ஆளாகி நின்றாலும், அம்மாவை அடித்தவன்தானே என்று ஒருவர் சொல்வார். அவனுக்காகத்தான் மூடி வைக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நடத்துபவர் கேட்டது ஒரே கேள்வி: “யாருக்கும் தெரியாது என்பது அவனுக்குத் தெரியுமா?” தெரியும். ரொம்ப நன்றாகத் தெரியும். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கத்துவான்.

அவமானப்படுத்துவதற்காக இல்லையாம். தெரிந்துகொண்டவர்கள் அவனைத் திட்டக் கூடாது, நீதிபதி வேலை பார்க்கக் கூடாது. ‘நடந்தது எனக்குத் தெரியும், உன் மேல் எனக்குப் பாசம் இருக்கிறது, ஆனால் அடிப்பதை ஏற்க முடியாது’, இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அக்காவால் இவ்வளவோடு நிறுத்த முடியுமா? அவள் என்னைவிட அதிகம் அழுவாள். அவளைத் தேற்றும் வேலையும் எனக்கே வரும்.

ஜூன் 22

ஃபோன் செய்தேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

ஜூன் 23

அவனுக்குப் படித்துக் காட்ட ஒரு அறிவிப்பு எழுத வேண்டும். நான் எழுதியது நான்கு பக்கம். நடத்துபவர் கேட்டுக்கொண்டதால் ஃபோனில் வாசித்தேன். “உனக்காக எவ்வளவு” என்று தொடங்கியதையெல்லாம் எடுக்கச் சொன்னார். மிஞ்சியது ஆறேழு வரி. இனி இந்த வீட்டில் அடிதடியை ஏற்க மாட்டோம். நாங்களும் உன்னை அடிக்க மாட்டோம், கேவலமாகப் பேச மாட்டோம். இதைத் தனியாகச் சுமக்க மாட்டோம், உதவி கேட்போம். மிரட்டல் இல்லை, தண்டனை இல்லை, அவன் எதற்கும் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. படித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவே.

நாங்களும் அடிக்க மாட்டோம் என்ற வரியில் இவன் அப்பா நின்றுவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, “சரி, இருக்கட்டும்” என்றார்.

ஜூன் 24

படித்தோம். ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. தாளை வாங்கிக் கிழித்தான். அவர் வாயைத் திறக்கப் போனார், முழங்கையால் இடித்தேன். வெளியே வந்துவிட்டோம்.

ஜூன் 25

கிழித்த தாள் குப்பையில் இல்லை.

ஜூன் 26

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள், எதிர்பார்த்த மாதிரியே. அப்புறம், “ஏன்டி, போன தடவை நான் வந்தப்ப கதவுல காலண்டர் மாட்டியிருந்தது அதுக்குத்தானா?” என்றாள். இவ்வளவு நாள் கேட்காமலே இருந்திருக்கிறாள்.

ஜூன் 27, சனி

கூட்டத்துக்குப் போகவில்லை. அக்கா காலையில் அவனுக்குச் செய்தி அனுப்பினாள். நான் எழுதிக் கொடுத்த மூன்று வரிக்குக் கீழே தானாக ஒரு இதயமும் சேர்த்து. மத்தியானம் அறையிலிருந்து வந்து, “பெரியம்மாகிட்ட என்ன சொன்ன?” என்று கத்தினான். நடந்ததைச் சொன்னேன் என்றேன். குரல் நடுங்கியது, எனக்கு. கிட்டே வரவில்லை. ஜன்னல் திறந்தே இருந்தது.

ஜூன் 28

பெரியம்மா எண்ணை பிளாக் செய்துவிட்டான். அக்கா எனக்கு ஃபோன் செய்து, நான் கடிதம் போடுகிறேன், அதை எப்படி பிளாக் செய்வான் என்கிறாள். இவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

ஜூலை 2

அவர் இந்தச் சனிக்கிழமை தானும் வருவதாகச் சொல்கிறார். இவ்வளவு நாள் கெஞ்சியது இதற்காகத்தான். ஆனால் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. அவர் பக்கத்தில் இருந்தால் அங்கே என்னால் பேச முடியாது. அவரைப் பற்றியும் அங்கே நிறையச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் கிளம்பிப் போனால் இவனை யார் பார்ப்பது என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். அக்கா வந்து இருக்கிறேன் என்கிறாள்.