எல்லோரும் ஒரே நிறமாகிவிடுவோமா?

இனங்கள் கலந்துகொண்டே போனால் மனிதர்கள் எல்லோரும் ஒருநாள் ஒரே பழுப்பு நிறத்தில், ஒரே சாயலில் வந்து நிற்பார்கள் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. மரபணுக்கள் சாயத்தைப் போலக் கரைந்துவிடுவதில்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என முழுதாகவே வருகின்றன. அடுத்த தலைமுறையில் மறுபடியும் பிரிகின்றன. தோலின் நிறத்தில் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு. அதனால்தான் கலப்பு மணத்தில் பிறந்த இரட்டையரில்கூட, அரிதாக, ஒரு பிள்ளை கறுப்பாகவும் மற்றது வெளுப்பாகவும் இருப்பதுண்டு.

மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுகளைப் பாருங்கள். ஆளில்லாத அந்தத் தீவுகளில் 1460களில் போர்த்துக்கீசியர் குடியேறினர். மேற்கு ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தனர். (அங்கே தொடங்கிய கலப்பில் எத்தனையோ பெண்களின் விருப்பம் கேட்கப்படவே இல்லை. அதை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது.) ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் ஒரே முகம் உருவாகவில்லை. கறுத்த தோலில் நீலக் கண்கள், வெளிர் தோலில் சுருட்டை முடி என்று புதுப்புதுச் சேர்க்கைகள்தான் பெருகியிருக்கின்றன.

இங்கிலாந்தில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, செடார் என்ற ஊரருகே எலும்புக்கூடாகக் கிடைத்த ‘செடார் மனிதனுக்கும்’ கறுத்த தோலும் வெளிர் நிறக் கண்களும் இருந்திருக்கலாம் என்று 2018இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. தூய இனம் என்று மார்தட்டுகிறவர்கள் முதலில் இதைப் படிக்கட்டும். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்டவர்களின் உடலில் ஏறக்குறைய 2 சதவீதம், அழிந்துபோன வேறொரு மனித வகையான நியாண்டர்தாலின் மரபணுவும் இருக்கிறது.

வருங்காலத்தில் முகத்தைப் பார்த்து ஒருவரின் பூர்வீகத்தை ஊகிப்பது கடினமாகிவிடும். எனக்கு அதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி.