செவ்வரத்தையும் கடைத் தேநீரும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பல்கனியில் இரண்டு சாடிகளில் ஒற்றையிதழ்ச் செவ்வரத்தை, அதாவது செம்பருத்தி, நிற்கிறது. கடற்காற்றின் உப்பையும் மாவுப்பூச்சியின் தொல்லையையும் தாங்கிக்கொண்டு, நாளொன்றுக்கு நாலைந்து பூக்களாவது தந்துவிடும். சென்ற மாதம் மேல்வீட்டு அன்ரி வந்து, "பிள்ளை, பிரஷருக்கு இந்தப் பூவைத்தானே அவிச்சுக் குடிக்கச் சொல்லுகினம்?" என்று கேட்டார். அவர் கையில் சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய செம்பருத்தித் தேநீர்ப் பெட்டி ஒன்று இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது நம் செவ்வரத்தை அன்று. அது ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா என்னும், புளிச்சைக்கீரைக்கு நெருங்கிய செடி. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்துச் சிவக்கும் புளிப்பான புல்லிவட்டத்தையே காயவைத்துத் தேநீராக விற்கிறார்கள். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்த 65 பேர் ஆறு வாரங்கள் பங்குபற்றினர். நாளுக்கு மூன்று முறை 240 மில்லிலீற்றர் வீதம் இந்தத் தேநீரைக் குடித்தவர்களுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவு ஏறத்தாழ 7 புள்ளிகள் குறைந்தது. அந்தப் பெருமை சப்டாரிஃபாவுக்கு உரியது. அதைப் பல்கனிப் பூவின் கணக்கில் எழுதுவது முறையன்று. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் அந்தத் தேநீரையும் வைத்தியரிடம் கேட்டே வழக்கமாக்க வேண்டும்.

செவ்வரத்தைப் பூவில் பானம் தயாரிப்பதை நான் குறைசொல்லவில்லை. மருந்தடிக்காத பூக்கள் ஐந்தை எடுத்து, பச்சைக் காம்பையும் நடுவிலுள்ள மகரந்தத் தண்டையும் நீக்கி, இதழ்களின் மேல் ஒரு குவளை கொதிநீரை ஊற்றி மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் நீர் மங்கிய ஊதாவாகிவிடும். அதில் அரைத் தேசிக்காயைப் பிழிந்தவுடன் நிறம் பளிச்சென்று சிவக்கும். இதழிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் புளிப்புக்குச் சிவப்பாக மாறுவதே காரணம். பனங்கற்கண்டு சேர்த்துக் குளிரவைத்தால் கொழும்பு வெயிலுக்கு இதமான பானம். கருத்தரித்திருப்பவர்கள் மட்டும் இதைத் தவிர்ப்பது நல்லது. கருவைத் தடுக்கும் பூவாக இதை நாட்டுவைத்தியம் கையாண்டிருக்கிறது.

உண்மையில் என் மதிப்பு பூவைவிட இலைக்கே. முழுகும் நாளில் இருபது இலைகளைக் கழுவி, சிறிது நீரில் ஊறவிட்டுக் கையாலேயே கசக்கிப் பிசைந்தால் வழுவழுப்பான சாறு இறங்கும். மிக்சியில் அரைத்தால் வேலை சுலபம். ஆனால் துணுக்குகள் தலைமயிரில் ஒட்டிக்கொண்டு மறுநாள்வரை உதிரும் என்பதை ஒருமுறை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அறிந்துகொண்டேன். மெல்லிய துணியில் வடித்து உடனே தேய்க்க வேண்டும். வைத்திருந்தால் புளித்து நாறும். கனமாக எண்ணெய் வைத்த தலையை இது முழுதாகச் சுத்தமாக்காது, ஆனால் மயிரைச் சிக்கின்றி மென்மையாக்கும். மயிர் வளருமா என்று கேட்பவர்களுக்கு, 2003இல் வெளியான ஆய்வொன்றில் பூச்சாற்றைவிட இலைச்சாறே கூடுதல் பலன் காட்டியது என்பதைச் சொல்லலாம். அது எலிகளில் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தலைக்கு எண்ணெய் காய்ச்சுவோருக்கு ஒன்றே ஒன்று: இதழ்களை நிழலில் நன்றாக உலர்த்திவிட்டே தேங்காயெண்ணெயில் போட்டு, இளஞ்சூட்டில் சலசலப்பு அடங்கும்வரை வையுங்கள். ஈரம் மிஞ்சினால் எண்ணெய் விரைவில் காறிவிடும்.

அன்ரி இப்போது ஞாயிறு காலைகளில் இலைக்குத்தான் வருகிறார். அன்றைய பூக்கள் அவருடைய சாமிப் படத்துக்குப் போகின்றன.