இரண்டு கேள்வியில் போன என்ஐஎஸ்எம் எட்டு

நேற்று மதியம் கோவையில் என்ஐஎஸ்எம் (பங்குச் சந்தை வேலைக்குச் சான்றிதழ் தரும் தேசிய நிறுவனம்) நடத்தும் எட்டாம் சீரிஸை, அதாவது பங்கு விலையை ஒட்டிப் போடும் பியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள் பற்றிய ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ் தேர்வை, இரண்டாவது முறையாக எழுதினேன். சப்மிட் அழுத்தியதும் திரையில் 78.75. மூன்று மாதத்துக்கு முன் அதே ஊரில் 57.50. தேற அறுபது வேண்டும். 78.75 பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 57.50 பற்றி நிறைய இருக்கிறது.

நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போன முறை நூறையும் தொட்டிருந்தேன். அப்படியானால் 57.50 எப்படி வரும் என்று ஈரோடு திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 66 சரி, 34 தப்பு, தப்புக்கு எட்டரை மார்க் காலி. நூறையும் தொட்டவருக்கு 68 சரியாக இருந்தால் அச்சு அசலாக 60 வந்துவிடும். ஆக, இரண்டு கேள்வி. பெருந்துறை தாண்டும் வரை அந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயது 39. ஒரு புரோக்கரின் கிளை அலுவலகத்தில் பதினோரு வருடமாகப் பேக் ஆபீஸ் வேலை. டீலர் ஒருவர் விலகியதும் அந்த நாற்காலிக்கு என்னைக் கேட்டார்கள். டெரிவேட்டிவ் பிரிவில் வாடிக்கையாளருக்கு ஆர்டர் போடும் டெர்மினலில் உட்கார வேண்டுமென்றால் இந்தச் சான்றிதழோ இதற்கு ஈடான ஒன்றோ இல்லாமல் முடியாது. "உங்களுக்கென்னக்கா, தினமும் பார்க்கிறதுதானே" என்றான் பக்கத்து சீட்டுத் தம்பி. அவன் கல்லூரி முடித்த கையோடு முதல் தடவையிலேயே தேறியவன். தினமும் பார்க்கிறதுதான் என்னைக் கவிழ்த்தது என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆப்ஷன் வாங்குகிறவர்கள். கால் (குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) வாங்குவார்கள், புட் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை) வாங்குவார்கள், பிரீமியம், அதாவது அந்த உரிமைக்குக் கொடுத்த பணம், கரைந்து போனதும் போனை எடுக்க மாட்டார்கள். பதினோரு வருடம் இதையே பார்த்ததில் ஆப்ஷன் என்றாலே என் மனசு வாங்கினவர் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். தேர்வுத் தாளோ பாதி நேரம் விற்றவர் பக்கத்திலிருந்து கேட்கும்.

மாதிரிக்கு ஒன்று. ஸ்ட்ரைக் (குறித்த விலை) 500 உள்ள கால், பிரீமியம் 40, எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) அன்று பங்கு 525. வாங்கினவருக்கு 25 ரூபாய் உள்ளே வருகிறது, ஏற்கெனவே 40 கொடுத்தாயிற்று, ஆக 15 நஷ்டம். கேள்வி ஆங்கிலத்தில் நான்கு வரி ஓடி, கடைசி வரியில் விற்றவரின் நிலை என்ன என்று கேட்கும். விடைகளில் 15 லாபமும் இருக்கும், 15 நஷ்டமும் இருக்கும். நான் 15 நஷ்டத்தை டிக் செய்துவிட்டு, கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இப்படி எத்தனை போயிற்று என்று தெரியாது. இரண்டுக்கு மேல் என்பது மட்டும் நிச்சயம்.

இதைக் கண்டுபிடித்தது நானல்ல, எங்கள் அப்பா. பள்ளிக்கூடம் எட்டோடு சரி, மஞ்சள் விவசாயம். விலை ஏறும் என்று குடோனில் மூட்டையைப் போட்டுவைத்துக் காத்திருக்கிற ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து புட் ஆப்ஷனை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். யாருக்காவது சொல்லிப் பார்த்தால்தான் எனக்குப் படித்தது நிற்கும். "குவிண்டாலுக்கு 600 முன்பணம் கொடுத்துட்டீங்கன்னா, மூணு மாசம் கழிச்சு சந்தையில் என்ன விலை போனாலும், நீங்க விரும்பினா 13,000க்கு அவர் எடுத்துக்கணும்ப்பா. 12,000க்கு இறங்கினாலும் உங்களுக்கு 13,000தான். முன்பணம் போக 400 மிச்சம்."

அப்பா வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "அது சரி சாமி, 13,000க்கு எடுத்துக்கிறேன்னு ஒத்துக்கிட்டான் பாரு, அவன் எவன்? அவனுக்கென்ன கிறுக்கா?"

நான் ஒன்றரை மாதம் படித்தும் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் அவனையும் திண்ணையில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். விலை 14,000 என்றால் அப்பா சந்தையில் விற்றுக்கொள்வார், 600 அவன் பாக்கெட்டில். 12,700 என்றால் அப்பா உரிமையைப் பயன்படுத்துவார், 300 கிடைக்கும், ஆனாலும் முன்பணம் போக 300 நஷ்டம். அவனுக்கு அதே 300 லாபம். 12,400ல் இரண்டு பேருக்கும் சுழி. அதற்குக் கீழே போகப் போகத்தான் அவன் வயிற்றில் புளி கரையும். "அப்ப அவன் கிறுக்கனில்ல, முன்பணத்துக்கு ஆசைப்பட்டவன்" என்று அப்பா எழுந்து போய்விட்டார். தேர்வின் ஆப்ஷன் அத்தியாயம் மொத்தமும் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடும் என்பேன்.

அதற்கப்புறம் நான் செய்த ஒரே மாற்றம்: ஆப்ஷன் கேள்வி எதுவானாலும் முதலில் கடைசி வரியைப் படிப்பது, வெள்ளைத் தாளில் "வா" அல்லது "வி" என்று எழுதி வட்டம் போடுவது. வாங்கினவர், விற்றவர். வட்டம் போடாமல் ஒரு எண்ணைக்கூட எழுதுவதில்லை. சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆப்ஷனை வாங்கி இன்னொன்றை விற்கும் ஸ்பிரெட் வந்தாலும் அதே வட்டம்தான், இரண்டு வரிசையில். 500 காலை 40க்கு வா, 540 காலை 18க்கு வி. கையிலிருந்து போனது 22. பங்கு 500க்குக் கீழே இருந்தால் 22 நஷ்டம், 540க்கு மேலே எங்கே போனாலும் 18 லாபம், 522ல் சமம். ஸ்ட்ராடில், ஸ்ட்ராங்கிள், பட்டர்பிளை என்று ஆப்ஷன்களைச் சேர்த்துப் போடும் மற்ற வகை எல்லாவற்றுக்கும் லாப நஷ்டப் படத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எனக்குப் படம் நிற்காது. மூன்று நான்கு விலை வைத்துக்கொண்டு அட்டவணை போட்டால் ஒரு நிமிடத்தில் விடை வந்துவிடும். நேரம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

இரண்டாவது தப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் முறை என்ஐஎஸ்எம் தரும் பாடநூலான ஒர்க்புக்கைப் பாதியோடு மூடிவிட்டு, கைமாறி வந்த ஒரு கேள்வி-பதில் பிடிஎஃபை நம்பினேன். 500 கேள்வி, "இதிலிருந்து அப்படியே வரும்" என்ற உத்தரவாதம் வேறு. அதில் பங்கு ஆப்ஷன்கள் ரொக்கமாகத்தான் செட்டில் ஆகும் என்று இருந்தது. 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு டெரிவேட்டிவும் பங்காகவே கைமாறுகிறது. எக்ஸ்பைரி வாரத்தில் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு டெலிவரி மார்ஜின் (பங்கு கைமாறுவதற்கான பிணைத்தொகை) கேட்டுத் தொண்டை வறண்டவள் நான். அப்படியிருந்தும் தேர்வில் அந்தக் கேள்வி வந்தபோது விரல் ரொக்கத்துக்குப் போயிற்று, ஏனென்றால் பிடிஎஃபில் அதை நாற்பது முறை படித்திருந்தேன். குறியீட்டு (நிஃப்டி போன்ற) ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பும் அதில் ஐந்து லட்சம் என்றே இருந்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான செபி அதை 15 லட்சமாக்கியது 2024 நவம்பரில். ஒரு பங்குச் சந்தைக்கு ஒரு குறியீட்டில்தான் வார எக்ஸ்பைரி என்று ஆனதும் அப்போதுதான். பிடிஎஃபில் தினம் ஒரு எக்ஸ்பைரி ஓடிக்கொண்டிருந்தது.

பதிவு செய்தவர்களுக்கு ஒர்க்புக் இலவசம். அதன் புதிய பதிப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை. அவ்வளவுதான் பாடத்திட்டம்.

எனக்கு ராத்திரிப் படிப்பு ஒத்துவராது. காலை நாலரையிலிருந்து ஆறு, அப்புறம் சமையல், பையனின் டிபன் பாக்ஸ், 9.15க்கு மார்க்கெட். மாலை மூன்றரைக்குப் பிறகு அலுவலகத்தில் படிக்கலாம் என்று திட்டம் போட்டேன், ஒரு நாளும் நடக்கவில்லை. உங்களுக்கு ராத்திரி ஒத்துவந்தால் ராத்திரி. குழுவாகப் படிப்பதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பேச்செல்லாம் நாளைக்கு நிஃப்டி எங்கே போகும் என்பதில்தான் முடிகிறது.

எனக்கு மார்க் தந்தவை, முன்பின் வரிசை இல்லாமல்:

– பேசிஸின் குறி. ஸ்பாட்டிலிருந்து, அதாவது இன்றைய சந்தை விலையிலிருந்து, பியூச்சரை, அதாவது பின்தேதிக்கு இப்போதே பேசிய விலையை, கழிக்க வேண்டும். பியூச்சர் விலை அதிகமென்றால் பேசிஸ் மைனஸ். தலைகீழாகப் போட்டால் தலைகீழான விடையும் அங்கே காத்திருக்கும்.

– பீட்டா ஹெட்ஜ், அதாவது கையிலுள்ள பங்குகளுக்குக் குறியீட்டு பியூச்சரால் காப்பு. 30 லட்சம் போர்ட்போலியோ, பீட்டா (சந்தை அசைவுக்கு அது எத்தனை மடங்கு அசையும்) 1.2, ஆக 36 லட்சத்துக்குக் காப்பு வேண்டும். ஒரு ஒப்பந்தம் 18 லட்சம் என்றால் இரண்டு. விற்க வேண்டும், வாங்கக் கூடாது. அவசரத்தில் இரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் "வாங்கு" என்பதைத் தொட்டுவிடுவோம்.

– வருடங்கள். குறியீட்டு பியூச்சர் 2000 ஜூன், குறியீட்டு ஆப்ஷன் 2001 ஜூன், பங்கு ஆப்ஷன் அதே ஆண்டு ஜூலை, பங்கு பியூச்சர் அதே ஆண்டு நவம்பர். எல்.சி. குப்தா கமிட்டி, ஜே.ஆர். வர்மா குழு, எது எதற்கு என்று குழப்பாதீர்கள். வர்மா குழு ரிஸ்க் கட்டுப்பாட்டுக்கு.

– 95, 80. ஒரு பங்கில் எல்லோருடைய மொத்த பொசிஷனும் (முடிக்காத ஒப்பந்தங்கள்) சந்தை வரம்பில் 95 சதவீதத்தைத் தாண்டினால் புதிதாக எடுக்கத் தடை, 80க்கு இறங்கினால் விலகும்.

– வரி. எஃப் அண்ட் ஓ (பியூச்சர், ஆப்ஷன்) வருமானம் ஊக வணிகம் அல்ல. பேச்சு வழக்கில் எல்லோரும் சூதாட்டம் என்கிறோம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

– கடைசி அத்தியாயங்கள். கிளியரிங், சட்டம், விற்பனை நடைமுறை. பேக் ஆபீஸ்காரர்களுக்கு இது சொந்த வீடு. டிரேடிங் செய்து பழகியவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

கிரீக்ஸ் (ஆப்ஷன் விலை எதற்கு எவ்வளவு அசையும் என்ற அளவுகள்) பற்றி நான் பேச மாட்டேன். டெல்டாவும் தீட்டாவும் புரிந்தன, மற்றவற்றை நெட்டுருப் போட்டேன்.

தெரியாத கேள்வியை விட்டுவிட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மைனஸ் மார்க்தான் என்னைத் தோற்கடித்தது என்று முதலில் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கணக்குப் போட்டால் அது உண்மையில்லை. நான்கு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு, ஒன்றில் முக்கால் போனால் கால் மார்க் கையில் நிற்கும். நான்கு விடையில் இரண்டை ஒதுக்க முடிந்தாலோ அதே நான்கு கேள்விக்கு ஒன்றரை மார்க். இரண்டாவது முறையும் நூறையும் தொட்டேன். 83 சரி, 17 தப்பு. கை நடுங்குகிறவர்கள் விட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தேர்வு அன்று ஒன்றே ஒன்று. பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முந்தைய வாரமே பாருங்கள். என் பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது, ஆதாரில் வெறும் இனிஷியல். வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தபோது முதல் மூன்று கேள்வி கண்ணிலேயே படவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் யாராவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிற ஒன்றும் இருக்கிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே கணக்கெடுத்துச் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். திங்கட்கிழமை முதல் அவர்களுக்கு ஆர்டர் போடப் போவது நான்தான்.

சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். காலாவதியாவதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் சிபிஇ என்ற ஒரு நாள் தொடர்கல்வி வகுப்பில் உட்கார்ந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம், மறுபடி எழுத வேண்டாம். தேதியை இப்போதே அடுப்படி காலண்டரில் குறிக்கலாம் என்று பார்த்தேன், அதில் இந்த வருடம்தான் இருக்கிறது. அட்டையின் பின்னால் எழுதிவைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் போன் செய்து தேறிவிட்டேன் என்றேன். "அந்த 13,000க்கு ஒத்துக்கிறவன் ஈரோட்டில் யாராச்சும் இருக்கானா, கேட்டுச் சொல்லு" என்றார்.