கத்தியால் வெட்டிப் பறித்ததற்கு எஃப்ஐஆர் வாங்க நாங்கள் பட்ட பாடு

எஃப்ஐஆர் போட்டாகிவிட்டது, நகல் கையில் இருக்கிறது. தம்பிக்குத் தையல் பிரித்து காயமும் ஆறிவிட்டது. ஆனால் அந்த ஒரு தாளை வாங்குவதற்குள் நாங்கள் அலைந்த அலைச்சலும் கேட்ட பேச்சும் இன்னும் ஆறவில்லை. சென்னைப் புறநகரில், வயலும் ஏரிக்கரையும் இருந்த இடத்தில் வரிசையாக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கிற பகுதிகளில் குடியிருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு வேலை முடிந்து திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் வண்டியை நிறுத்திப் போன் பேசிக்கொண்டிருந்த தம்பியை, பைக்கில் வந்த இரண்டு பேர் மறித்துக் கத்தியைக் காட்டி, போனையும் பர்ஸையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தடுக்கப் போனதில் முழங்கைக்குக் கீழே வெட்டு. வழியில் வந்த ஒருவர் தன் போனிலிருந்து 112-க்கு அழைத்து, எங்களுக்கும் தகவல் சொன்னார். அவர் அழைத்தது எவ்வளவு பெரிய உதவி என்று பின்னால்தான் தெரிந்தது. எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து, என்ன சொல்லி அழைப்பு வந்தது என்பது கட்டுப்பாட்டு அறையில் பதிவாகிவிடுகிறது. அப்புறம் யார் வந்து "அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்றாலும் அந்தப் பதிவை அழிக்க முடியாது.

பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனையில் கட்டு மட்டும் போட்டுவிட்டு, "போலீஸ் கேஸ், ஜிஎச் போயிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஜிஎச்சில் தையல் போட்டார்கள், நன்றாகவே பார்த்தார்கள். இங்கே ஒரு விஷயம் முக்கியம். பணியிலிருக்கும் மருத்துவர் ஏஆர் என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். எப்படி அடிபட்டது என்று அவர் கேட்கும்போது நீங்கள் சொல்வதுதான் பதிவாகும். எங்களோடு வந்த சொந்தக்காரர் ஒருவர், போலீஸ் வம்பு வேண்டாம் என்று நினைத்து, "வண்டியில இருந்து விழுந்துட்டான்னு சொல்லிடலாம்மா" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அடையாளம் தெரியாத இரண்டு பேர், கத்தி, இடம், நேரம், எல்லாவற்றையும் தம்பியே சொன்னான். ஏஆர் எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், அதன் தகவல் காவல் நிலையத்துக்கும் போகும்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நாங்கள் போன முதல் நிலையத்தில் பாதி கேட்டதுமே, "சர்வீஸ் ரோடா? அது எங்க லிமிட் இல்லம்மா" என்றார்கள். அடுத்த நிலையத்தில், "பாலத்துக்கு இந்தப் பக்கம்னா நாங்க, அந்தப் பக்கம்னா அவங்க" என்றார்கள். 2022-இல் சென்னைக் காவல் ஆணையரகத்தைப் பிரித்துத் தாம்பரம், ஆவடி ஆணையரகங்களை ஏற்படுத்தியபோது, பெருகிவிட்ட புறநகருக்குக் காவல்துறை பக்கத்தில் வரட்டும் என்றுதான் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் எல்லையோரத்தில் வசிப்பவர்களுக்கு ஒரே சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு நிலையங்கள், சில இடங்களில் இரண்டு ஆணையரகங்கள். கத்தி எடுத்து வருகிறவனுக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது, புகார் கொடுக்கப் போகிற நமக்குத்தான்.

லிமிட் இல்லை என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. வாங்கிப் பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. ஜீரோ எஃப்ஐஆர் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். மின்னணு வழியில் புகார் அனுப்பினாலும் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால் பதிந்தாக வேண்டும். நான் இதை எடுத்துச் சொன்னதும் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அடுத்த கதவு அடைத்தது: "இது கிரைம்ல வரும், நாங்க சட்டம் ஒழுங்கு, கிரைம் இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்காரு, காலைல வாங்க." வெட்டுப்பட்ட கையோடு நிற்கிற பையனிடம் உட்கார் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ரைட்டர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, அதுவும் அக்கறையாகச் சொல்வது போலவே வந்தது. "போன் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்கம்மா, உடனே ரசீது தர்றேன், டூப்ளிகேட் சிம் வாங்கிக்கலாம், தம்பியும் வேலைக்குப் போகலாம், கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு அலையணும்?" களைத்துப்போய் நிற்கும்போது இது எவ்வளவு இனிமையாகக் கேட்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பலரை எனக்கு இப்போது தெரியும். எழுதிக் கொடுத்தீர்கள் என்றால் கத்தியும் இல்லை, காயமும் இல்லை, ஆட்களும் இல்லை, வெறும் தொலைந்த பொருள்தான். நாளைக்கு அதே ஆட்கள் வேறு வழக்கில் பிடிபட்டாலும் உங்கள் தம்பியை வெட்டியதற்கு ஒரு தாளும் இருக்காது.

நான் மறுத்ததும் சிஎஸ்ஆர் போட்டுக் கொடுத்தார்கள். சிஎஸ்ஆர் என்பது மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீது, எஃப்ஐஆர் இல்லை. வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு கூடிய சான்று அது. அதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பிறகு எஸ்.ஐ. சொன்ன காரணம் கேட்பதற்குச் சட்டமாகவே இருந்தது. புதுச் சட்டப்படி முதலில் 14 நாள் முதல்கட்ட விசாரணை, அப்புறம்தான் எஃப்ஐஆர் என்றார். அரைகுறையாகத் தெரிந்திருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்போம். அன்று ராத்திரி உட்கார்ந்து பிரிவைப் படித்தேன். 173-இன் உட்பிரிவு 3 அப்படிச் சொல்வது உண்மைதான், ஆனால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான், அதுவும் டிஎஸ்பி நிலையிலுள்ள அதிகாரியின் முன் அனுமதியோடு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-வது பிரிவான பறிப்புக்கு 3 ஆண்டு வரைதான் தண்டனை. எங்கள் விஷயம் அது இல்லை. ஆயுதத்தைக் காட்டி, காயப்படுத்திப் பறித்தது 309-வது பிரிவில் வரும் வழிப்பறி. அதற்கு 10 ஆண்டு வரை சிறை, சூரியன் மறைந்த பிறகு நெடுஞ்சாலையில் என்றால் 14 ஆண்டு வரை, காயம் ஏற்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். இதற்கு 14 நாள் விசாரணை என்கிற பேச்சுக்கே இடமில்லை. புகார் பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைக் காட்டினால் எஃப்ஐஆர் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது.

மறுநாள் போய் இதைச் சத்தம் போடாமல் சொன்னேன். சத்தம் போட்டால் பேச்சு புகாரை விட்டுவிட்டு உங்கள் சத்தத்தைப் பற்றியதாகிவிடும். எஸ்.ஐ. "பாக்கலாம்மா" என்று எழுந்து போய்விட்டார். அப்போது அங்கிருந்த ஒரு பெண் காவலர் வெளியே வந்து மெதுவாக, "துணை ஆணையருக்குத் தபால்ல போடுங்க மேடம், ஏஆர் நம்பரையும் 112 கால் டைமையும் முதல் பத்தியிலயே எழுதுங்க" என்றார். அவர் பெயரை எழுத மாட்டேன், ஆனால் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நிலையத்தில் பதிய மறுத்தால் 173-இன் உட்பிரிவு 4-இன்படி புகாரின் சாரத்தை எழுத்தில், தபாலில், மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். ஆணையரகப் பகுதியில் அது துணை ஆணையர். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், 175-இன் உட்பிரிவு 3-இன்படி உறுதிமொழிப் பத்திரத்தோடு. எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம், சிஎஸ்ஆர் நகலையும் மருத்துவமனைச் சீட்டையும் இணைத்தோம், முதல்வரின் முகவரி 1100-லும் பதிந்து வைத்தோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்த கையோடு நிலையத்திலிருந்து போன் வந்தது. இந்த முறை நாற்காலி போட்டார்கள்.

எஃப்ஐஆரில் கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படித்துப் பாருங்கள். எங்களுடையதில் 309-ஐப் போட்டுவிட்டு, விவரத்தில் கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சொன்னதும் சேர்த்தார்கள். நகல் இலவசம், யாராவது ஸ்டேஷனரிச் செலவு என்று கையை நீட்டினால் கொடுக்காதீர்கள். 2016-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பாலியல் குற்றங்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எஃப்ஐஆர்களை இணையத்திலும் ஏற்ற வேண்டும், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடி எடுக்கலாம்.

இந்த இழுபறிக்கு நடுவில் கேமரா காட்சி கைவிட்டுப் போகப் பார்த்தது. பெரும்பாலான ரெக்கார்டர்கள் இடம் நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகும், சிலவற்றில் ஒரு வாரம்கூடத் தாங்காது. போலீஸ் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்கும்போது இருக்காது. திருப்பத்திலிருந்த கட்டடத்தின் உரிமையாளர் முதலில் தயங்கினார், கோர்ட்டுக்கு இழுப்பார்களே என்ற பயம்தான். நீங்கள் எனக்குத் தர வேண்டாம் அண்ணா, அழியாமல் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ் கேட்டால் கொடுங்கள் என்றதும் ஒப்புக்கொண்டார். திரையைப் போனில் படம் பிடித்து வந்தால் மட்டும் போதாது, மின்னணு ஆவணத்தை நீதிமன்றம் ஏற்க பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் சொல்லும் சான்றிதழ் வேண்டும். இன்னொன்று, அந்த ரெக்கார்டரின் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு வித்தியாசம் என்று அப்போதே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். விட்டிருந்தால் 112 அழைப்பின் நேரமும் காட்சியின் நேரமும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றிருக்கும்.

போனை முடக்கியது தனித் தலைவலி. மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), புகார் நகல், அடையாள அட்டை கொடுத்தால் எந்த சிம் போட்டாலும் போன் வேலை செய்யாமல் முடக்கிவிடுவார்கள். ஆனால் அதற்கு ஓடிபி வர வேண்டும், புதிதாக மாற்றி வாங்கிய சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ஆகவே சிம்மை முதல் வேலையாக மாற்றுங்கள். வங்கிக்கு அதற்கும் முன்னாலேயே, யார் போனிலிருந்தாவது சொல்லிவிடுங்கள். ஐஎம்இஐ எண்ணை இப்போதே *#06# அழுத்திப் பார்த்து எழுதி வையுங்கள், பெட்டி கிடைக்காத நேரத்தில்தான் அது தேவைப்படும்.

இவ்வளவுக்கும் பிடிவாதமாக நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் நகர் நலச்சங்கம் முன்பே இரவு ரோந்து கேட்டு மனு கொடுத்திருந்தது. "உங்க ஏரியால பெருசா கேஸ் எதுவும் இல்லையே" என்று பதில் வந்தது. எப்படி இருக்கும்? வாட்ஸ்அப் குழுவில் சங்கிலி பறிப்பு, கத்தி மிரட்டல், கஞ்சா போதையில் கல்வீச்சு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, ராத்திரி 9 மணிக்கு மேல் பெண்பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே பயமாக இருக்கிறது, ஆனால் ஸ்டேஷனுக்குப் போனவர்கள் சிஎஸ்ஆரோடோ, தொலைந்துபோனதற்கான ரசீதோடோ திரும்பியிருக்கிறார்கள், மற்றவர்கள் போகவே இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கிலும் பதிவான வழக்குகள்தான் வரும், ஒரே எஃப்ஐஆரில் பல குற்றங்கள் இருந்தால் கடுமையான ஒன்றைத்தான் எண்ணுவார்கள். சிஎஸ்ஆர் எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் இல்லாத தெருவுக்கு ரோந்து வண்டி எப்படி வரும்?

எஃப்ஐஆர் எண்ணைக் குழுவில் போட்டதும் இரண்டு குடும்பங்கள் பேச முன்வந்தன. அதில் ஒரு பெரியம்மா, இந்த வயதில் ஸ்டேஷன் வாசலை மிதிக்க வேண்டுமா என்ற ஒரே காரணத்துக்காக இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். பெண்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று 179-வது பிரிவு சொல்வதைப் படித்துக் காட்டினேன். புகாரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எண்களோடு சங்கம் மறுபடியும் மனு கொடுத்தது. இப்போது பாலத்தடியில் பட்டா புத்தகம் என்கிற ரோந்துப் பதிவேட்டை வைத்திருக்கிறார்கள், ரோந்து வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தெருவிளக்கு விஷயம்தான் மாநகராட்சிக்கும் சாலைக்காரர்களுக்கும் நடுவில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஆட்கள் இன்னும் கிடைக்கவில்லை. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்று 193-வது பிரிவில் இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. விசாரணை அதிகாரியின் எண் இருக்கிறது, கேட்டால் "பாத்துட்டு இருக்கோம்மா" என்கிறார். கெடு முடிந்தும் தகவல் வரவில்லை என்றால் எழுத்தில் கேட்பதற்கான கடிதத்தை இப்போதே தயார் செய்து வைத்துவிட்டோம்.