மொட்டை மாடியில் தாத்தா

பெங்களூரில் வேலை பார்க்கிற வேலூர்க்காரி, மே மாதம் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் ஆபீசில் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள். "ஏன், வீட்ல என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. மூன்று வேளையும் அம்மா சமையல், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் நுங்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டு காட்பாடியில் இறங்கினேன். ரயில் பெட்டியிலிருந்து தலையை வெளியே நீட்டியதுமே யாரோ முகத்துக்கு நேராகத் தோசைக்கல்லைக் காட்டிய மாதிரி இருந்தது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அழகில்லாத பெண்கள் என்று முடிப்பார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். 2021-ல் பாலாற்றில் வந்த வெள்ளத்தை ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்தக் கடைசி வரி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டிவிட்டவன் கத்திரி வெயிலில்தான் வேலூருக்கு வந்திருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு சத்துவாச்சாரியில் பஸ்ஸுக்கு நிற்க வைத்தால் உலக அழகியும் வதக்கின கத்தரிக்காய் மாதிரிதான் இருப்பாள்.

அப்பாவுக்கு வெயிலில் ஒரு தனிப் பெருமை. நம் ஊரில் காய்ச்சலும் வெயிலும் மட்டும் இன்னும் ஃபாரன்ஹீட்டிலேயே இருக்கின்றன. நூறைத் தாண்டினால் "சதம் அடித்தது வெயில்" என்று செய்தி போடுவார்கள். தினமும் சாயங்காலம் அந்தப் பட்டியல் வந்ததும் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். கரூர் பரமத்தியோ திருத்தணியோ முந்திவிட்டால் அன்றைக்கு அவர் முகமே சரியிருக்காது. "அந்த மிஷினைக் கொண்டாந்து நம்ம மாடியில வெக்கச் சொல்லு, அப்ப தெரியும்" என்பார். வேலூர் முதலிடம் வந்த அன்று எல்லோருக்கும் குல்ஃபி வாங்கித் தந்தார்.

அவ்வளவு பெருமை உள்ளவர் ஏசியைப் போட விடுவார் என்று நினைத்தால் அது நம் தப்பு. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏசி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில் கணக்கே மாறிவிடும் என்பதால் ராத்திரி பத்து மணிக்குமேல்தான் போடுவார். அதுவும் இருபத்தேழில். படுப்பதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் சொல்வது மாதிரி, "முந்நூத்திப் பன்னெண்டு" என்று தணிந்த குரலில் அறிவிப்பார்.

இதெல்லாம் எனக்குப் பழகினதுதான். நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது வடகத்தை.

வடாம் வேறு, வடகம் வேறு. தெற்கத்தித் தோழிகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இது தாளிப்பு வடகம். ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், பெருங்காயம், கல் உப்பு, கறிவேப்பிலை எல்லாம் போட்டு, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும். காலையில் தண்ணீரைப் பிழிந்து, உருண்டை பிடித்து மாடியில் காய வைக்க வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் அள்ளி வந்து உதிர்த்து, பிழிந்த தண்ணீரையே திரும்ப ஊற்றிப் பிசைய வேண்டும். மறுநாள் மறுபடி உருண்டை, மறுபடி வெயில். தண்ணீர் முழுக்க இழுத்து, உருண்டை கல் மாதிரி ஆகிற வரைக்கும் இதே கதைதான். அத்தனை வெங்காயமும் கடைசியில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு வாரமும் கை, தலையணை, லேப்டாப் எல்லாம் வெங்காயமும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாசனையில் இருக்கும். லேப்டாப்பில் எஸ் பட்டன் இன்னமும் லேசாகப் பிசுபிசுக்கிறது.

வடகம் ஆயாவின் துறை. எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவளை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். (பெங்களூரில் ஒருமுறை "எங்க ஆயாவுக்கு எண்பத்தி ரெண்டு வயசு" என்று சொல்லப்போக, இந்த வயசிலும் அந்தம்மாவை வேலை வாங்குகிறீர்களா என்று ரூம்மேட் என்னை முறைத்தாள்.) கத்திரி பிறந்து மூன்றாவது நாள் ஆயா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா, சும்மா பொட்டியைப் பாத்துக்கினுதான உக்காந்திருக்க? அதை மாடியில உக்காந்து பாரு. காக்கா வராம பாத்துக்கலாம்."

ஏழு வருடம் படித்து, மூன்று இன்டர்வியூ தாண்டி வாங்கின வேலை. ஆயா கண்ணில் அது சும்மா பொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஒரு வகையில் சரிதான் என்பதால் நான் வாதாடவில்லை. படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கும் ஒரு ஆள் நிழலில் நாற்காலியைப் போட்டேன். வைஃபை அதுவரைதான் வரும், நிழலும் அதுவரைதான் வரும். பக்கத்தில் ஒரு சொம்பு மோர், கையில் ஒரு கொம்பு.

முதல் நாளே ஒரு காக்கை வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. கொம்பை ஓங்கினேன்.

"கீழ போடு அதை!" பின்னாலிருந்து ஆயா. "யாருன்னு நெனச்ச?"

"காக்கா ஆயா."

"தலையைச் சாய்ச்சிப் பாக்குது பாரு. நல்ல காதை நம்ம பக்கம் திருப்புது."

தாத்தா போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. அவருக்கு இடது காது கேட்காது. யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பார். எல்லாக் காக்கையும் தலையைச் சாய்த்துத்தான் பார்க்கும் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அந்தக் காக்கை இறங்கி, பக்கத்துத் துணியில் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசி வடாமைத் தாண்டிப் போய், நேராக ஒரு வடக உருண்டையைக் கொத்திக்கொண்டு பறந்தது. தாத்தா கீரைக் கடைசலில் வடகம் தாளிக்காவிட்டால் தட்டில் கை வைக்க மாட்டார். ஆயா என்னைப் பார்த்த பார்வையில் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

சரி, அம்மா அறிவாளி, புரிய வைப்பாள் என்று கீழே போனேன். அம்மா அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே, "இருந்தப்பவும் உங்க தாத்தா அப்படித்தான், காயறதுக்குள்ள எடுத்து வாயில போட்டுப்பாரு" என்றாள். பிறகு, "அதுக்காக ஒரு உருண்டை குறைஞ்சுது, உன்னைத்தான் கேப்பேன். வெங்காயம் விக்கிற வெலையில" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஆக, கொம்பைத் தூக்கக் கூடாது, உருண்டையும் குறையக் கூடாது. மீதி இருந்த ஒரே வழி மரியாதையாகக் கேட்டுக்கொள்வதுதான். ஆயாவும் அதைத்தான் செய்தாள். தாத்தாவின் பேரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பேங்கில் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். அதே பணிவோடு சுவரைப் பார்த்து, "ஏங்க, இன்னும் காயலைங்க, வயித்தை வலிக்கும்" என்பாள். காக்கை தலையைச் சாய்க்கும். அப்புறம் எடுத்துக்கொண்டு போகும்.

நானும் அந்தப் பாணிக்குப் பழகிவிட்டேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நான்காவது நாள் பதினோரு மணிக்கு ஆபீஸ் மீட்டிங். பதினாலு பேர். என் முறை முடிந்து, மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். தாத்தா வந்தார்.

"தாத்தா, வேணாம். சொன்னா கேளுங்க தாத்தா. காலையிலதான ஒண்ணு சாப்ட்டீங்க? ஐயோ, முழுசா முழுங்காதீங்க, துப்புங்க! தாத்தா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், போயிடுங்க தாத்தா. அம்மா என்னைத் திட்டறாங்க. போங்க, சீக்கிரம் போயிடுங்க!"

நிமிர்ந்து பார்த்தால் திரையில் என் பெயரைச் சுற்றிப் பச்சைக் கட்டம். பதிமூன்று பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். டீமில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். தெரியாத மீதிக்கும் தப்பிக்க வழியில்லை, கன்னடத்திலும் தெலுங்கிலும் தாத்தா தாத்தாதான்.

மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். ரொம்ப மெதுவாகப் பேசினார். வயசானவர்கள் குழந்தை மாதிரி, சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது, அவர் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது, நாம்தான் பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். "போயிடுங்கன்னு மட்டும் சொல்லாதே, பின்னாடி மனசு கஷ்டப்படும்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "வெள்ளிக்கிழமை லீவ் எடுத்துக்கோ, அவர் கூட இரு" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அதன்படியே வெள்ளிக்கிழமை முழுக்க அவர் கூடத்தான் இருந்தேன். அதில் பொய் இல்லை. நுங்குக்காரர் வந்தார், ஒரு டஜன் வாங்கினோம். விரலால் நோண்டும்போது நுங்குத் தண்ணீர் கண்ணில் பீச்சியடித்தது. தோலை ஆயா என் கழுத்து வேர்க்குருவில் பரபரவென்று தேய்த்துவிட்டாள். தொட்டித் தண்ணீர் பத்து மணிக்கே கொதிக்கும் என்பதால், முந்தின ராத்திரி வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் குளித்தேன். தாத்தா மூன்று முறை வந்தார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் முதல் கேள்வியே "தாத்தா எப்படி இருக்கார்?" என்பதுதான். "பரவாயில்லை, நல்லா சாப்பிடறார்" என்றேன். ஒரு பெண் கையைக் கூப்பினாள். கேமராவை அணைத்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் சரி. இரண்டாவது ஈட்டு வடகம் காய்கிற சமயத்தில் ஒரு காலை தாத்தா தனியாக வரவில்லை.

கூடவே இன்னொரு காக்கை. கொஞ்சம் ஒல்லி. கழுத்துப் பக்கம் சாம்பல் நிறம் மினுமினுத்தது. இரண்டும் கைப்பிடிச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தன. தாத்தா இறங்கி ஒரு உருண்டையை எடுத்தார். எப்போதும் விழுங்கிவிடுகிறவர் அன்று விழுங்கவில்லை. சுவருக்குத் திரும்பிப் போய் அந்த ஒல்லிக் காக்கையின் வாயில் வைத்தார்.

ஆயா முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு அவ?"

நான் மோர்ச் சொம்புக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அப்பா துணி காயப் போட மேலே வந்தார். படியேறும்போதே ஆயா கேட்டது காதில் விழுந்திருக்கும் போல. தாயின் மனசை ஆற்றுகிறேன் பேர்வழி என்று, "அது ஒண்ணுமில்லமா, காக்காவுக்கு இது கூடு கட்டற சீசன், ஜோடி சேந்துக்கினு சுத்தும்" என்றார்.

அப்பாவுக்குப் பொது அறிவு அதிகம். எந்த இடத்தில் அதை வெளியே எடுக்கக் கூடாது என்கிற அறிவு மட்டும் கிடையாது.

"எனக்கு ஒரு நாளாச்சும் ஒரு வாய் ஊட்டியிருப்பியா நீ?" என்று ஆயா சுவரைப் பார்த்துக் கேட்டாள். இத்தனை நாளாக வந்துகொண்டிருந்த 'ங்க' எங்கே போனதென்று தெரியவில்லை. "அம்பத்தி மூணு வருசம். கொடியாத்தம் சிரசுத் திருவிழா பாக்க இட்டுக்கினு போய்யான்னு எத்தினி வைகாசிக்குக் கேட்டேன்? வெயிலு வெயிலுன்ன. இப்ப மட்டும் வெயிலு சுடலையா உனுக்கு?" தாத்தா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காது கேட்காத பக்கத்தைக் காட்டுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

ஆயா என் நாற்காலிக்கு அடியில் கிடந்த கொம்பை எடுத்தாள். எண்பத்தி இரண்டு வயசில் அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. காக்கைகளும் எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மாடிக் காவல் ஆயாவுடையது. நான் கீழே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்த்தேன். இரண்டாவது ஈட்டில் அதற்கப்புறம் ஒரு உருண்டைகூடக் குறையவில்லை என்று அம்மா எண்ணிப் பார்த்துச் சொன்னாள். அப்பா அன்று மீட்டர் பார்க்கக்கூட வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் அமாவாசை வந்தது. ஆயா சோறு வைப்பாளா மாட்டாளா என்று எங்கள் எல்லோருக்கும் பயம். குளித்து, ஈரப் புடவையோடு மாடிக்கு வந்தாள். வாழை இலையில் சோறு, பருப்பு, வடகம் தாளித்த கீரைக் கடைசல். சுவரில் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, திரும்பக் கை நீட்டிச் சோற்றில் பாதியை எடுத்துக்கொண்டாள்.

"என்ன ஆயா?"

"ஒருத்தருக்கு அவ்ளோ எதுக்கு?" என்றாள்.