பிரித்துக் கட்டிய இம்பல்ஸை விற்றபோது

ஹீரோ இம்பல்ஸ் 2011-இல் வந்த 150 சிசி பைக். உற்பத்தி நின்று பல வருஷமாச்சு. அதனால் காரைக்குடிப் பக்கம் இதைத் தேடி வருகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். "இன்ஜின் வேலை பார்த்தது" என்றாலே தயங்குவார்கள். வாய்ப்பேச்சு எடுபடாது.

கழற்றிய பிஸ்டன், ரிங், டைமிங் செயினைத் தூக்கிப் போடாமல் லேத் பில்லோடு ஒரு பையில் வைத்திருந்தது பெரிய உதவி. பழைய பிஸ்டன் ஓரத்தில் நெடுக நெடுகக் கீறல். கண்மாய்க்கரைச் செம்மண் தூசி ஏர் ஃபில்டர் ஓரமாக உள்ளே போய் அறுத்த தடம் அது. அதைக் கையில் கொடுத்து, புது ஃபில்டர் விளிம்பில் கிரீஸ் பூசி அடைத்திருப்பதையும் காட்டினால், ஏன் பிரித்தோம் என்ற கேள்வி அதோடு முடிந்துவிடும். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டபின் 500 கி.மீ. ஓட்டி, ஆயில் மாற்றிய பிறகே விலை பேசுங்கள்.

ஆள் வருமுன் வண்டியைச் சூடாக்கி வைக்காதீர்கள். தொட்டுப் பார்ப்பார்கள், சந்தேகம்தான் வரும். சூடேறாத பச்சை இன்ஜினில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை நீலப்புகை வந்து நின்றால் வால்வ் சீல் போயிருக்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் விற்பனையைத் தள்ளிப் போடுங்கள்.

முன் ஃபோர்க்கைத் துடைத்துவிட்டுப் பத்து முறை அமுக்குங்கள். குழாயில் எண்ணெய் வளையம் படிந்தால் சீல் போயிருக்கிறது. குழாயிலேயே துருக்குழி இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும். அதை மறைக்காமல் சொல்லி விலையில் கழித்துக்கொள்வதுதான் நியாயம்.

சத்தமான சைலன்சரைக் கழற்றி ஒரிஜினலை மாட்டி, இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாம் பழையபடி வையுங்கள். பதிவு 15 வருஷம்தான். 2012 வண்டிக்கு 2027-இல் முடிகிறது. புதுப்பிக்கிற செலவை வாங்குகிறவர் கட்டாயம் கழிப்பார்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று வேண்டும். கடனில் எடுத்த வண்டியென்றால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் நம்பர் மேல் சேறு இறுகியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால்தான், தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுக்கும் பென்சில் பிரிண்ட் தெளிவாக விழும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். தேதி போடாமல் கையெழுத்திட்ட படிவத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். வண்டியைக் கொடுத்ததற்கான ரசீதில் தேதியோடு மணியும் எழுதுங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பெயர் மாறியதைப் பார்க்கும்வரை அந்த ரசீது பத்திரமாக இருக்கட்டும்.